முதலில் பல் தேய்க்கட்டும்

"மூணு நாளா சாக்கடைக் குழாய்க்குள்ள ஒளிஞ்சிருக்கா. சோறு இல்ல, தண்ணி இல்ல. வெளிய வந்ததும் முதல் வேலையா அவனுக்கு முத்தம் குடுக்கறா. படிக்கிற எனக்கே குமட்டுது" என்றார் சிவப்பு மை.

பதிப்பகத்தில் அவருக்கு அதுதான் பெயர். வருகிற நாவல்களை முதலில் படித்து, போடலாமா வேண்டாமா என்று குறிப்பு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. போன வருடம் 'குப்பை' என்று அவர் திருப்பி அனுப்பிய காதல் கதையை வேறொரு பதிப்பகம் போட்டது. அது இப்போது பதினொன்றாவது பதிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. "இன்னொரு தடவை கோட்டை விட்டீங்கன்னா, கிடங்குல புத்தக மூட்டை கட்டப் போயிடுங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார். இன்று பன்னிரண்டு மணிக்குள் இந்த நாவலுக்குக் குறிப்பு போயாக வேண்டும்.

"அப்படி என்னதாங்க கதை?" துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்.

"என்ன பெரிய கதை. ஊரைச் சுத்தி இரும்புச் சுவர். காதலிச்சா தூக்கு. எல்லாரையும் ஒரு அதிபர் ஆட்டி வைக்கிறான். பதினேழு வயசுப் பொண்ணு ஒருத்தி அவனைக் கவுக்கப் போறா. அவ பின்னாடி ரெண்டு பசங்க. வாரத்துக்கு நாலு இப்படித்தான் வருது."

"அப்போ வேண்டாம்னு எழுதிடுவீங்களா?"

"எழுதத்தான் பயமா இருக்கு. அங்கங்க லேசா மாத்தினா தேறும்னு தோணுது. இப்ப இந்த முத்தம் இருக்கே, அதுக்கு முன்னாடி அவ பல்லு தேய்க்கட்டும். ஒரு வரி போதும்."

"புரட்சி நடக்கறப்போ பிரஷ்ஷுக்கு எங்கப்பா போவா?" என்றாள் மகள். அவளுக்கும் பதினேழுதான். சோபாவில் லேப்டாப்பும் கையுமாகச் சாய்ந்திருந்தாள்.

"ஏன், அவளுக்கு விரல் இல்லையா?"

சொன்னதோடு விடாமல், ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியும் வைத்தார். பக்கத்தைப் புரட்டினார்.

"அடுத்தது, கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு 'நான் ஒண்ணும் அழகி இல்ல'ன்னு ரெண்டு பக்கம் புலம்பறா. கண்ணு வெள்ளி நிறமாம், முடி முழங்காலைத் தொடுதாம். இதுக்கு மேல என்ன அழகு வேணுமாம்? கண்ணாடியையே எடுத்துடலாம். அப்புறம், அவ அம்மா முதல் பக்கத்துலயே செத்துப்போறா. எதுக்கு? உயிரோட இருந்துட்டுப் போகட்டும்."

"அம்மா இருந்தா பொண்ணைச் சுவர் ஏறிக் குதிக்க விடுவாளா? கதை அங்கயே முடிஞ்சிடுமே" என்றாள் மனைவி.

"விடமாட்டா. கையைப் பிடிச்சு இழுப்பா. அதையும் மீறிக் குதிச்சாத்தான் அவ ஹீரோயின். கேக்க ஆளில்லாதப்போ யாரு வேணா குதிக்கலாம்."

மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அட, இது எனக்குத் தோணவே இல்லையே. நல்லா இருக்குங்க" என்றாள்.

இந்த வீட்டில் அவர் சொன்னதை ஒருவர் பாராட்டி எத்தனை வருடமாயிற்றோ. அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனாலும், "பேசறதா இருந்தா ஸ்விட்சை அணைச்சிட்டுப் பேசு. கரண்டு வீணாகுது" என்று சொல்லி வைத்தார்.

"கடைசியா ஒண்ணு. ரெண்டு பசங்க எதுக்கு? அந்தத் தழும்பு மூஞ்சிக்காரன் சிரிக்கவே மாட்டேங்கிறான். இருபதாம் அத்தியாயத்துல ஆளைத் தீர்த்துக் கட்டிடலாம்."

மகள் துள்ளி எழுந்தாள். "அப்பா, அவனைத் தொடாதீங்க. அவன் சிரிக்காததுக்குக் காரணம் இருக்கு. முப்பத்திரெண்டாம் அத்தியாயத்துல வருது."

சிவப்பு மை பேனாவை மூடினார். இந்த நாவலின் தாள்கட்டு நேற்று சாயங்காலம்தான் அவர் பைக்குள் வந்தது. அவரே இன்னும் இருபத்தாறைத் தாண்டவில்லை. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு புனைபெயர்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்தால், இந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு தட்டித் தட்டி இதையா எழுதிக்கொண்டிருந்தாள்? பெற்ற பெண்ணுக்கா 'வேண்டாம்' எழுத இருந்தோம்? மனிதர் அப்படியே உருகிப் போய்விட்டார். கிடங்குக்குப் போகச் சொன்னால் போகிறது. மகளுக்காக நாலு மூட்டை தூக்கினால் குறைந்தா போய்விடுவோம்?

குறிப்புத் தாளை எடுத்தார். 'கட்டாயம் போடலாம். சிற்சில திருத்தங்கள் போதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனசு மாறுவதற்குள் அதை ஃபோனில் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பியும் விட்டார். 'சரி, அச்சுக்குக் குடுத்துடறேன்' என்று உடனே பதில் வந்தது.

"அந்த அதிபரைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே நீங்க?" என்றாள் மனைவி.

"அவனா? அவன்கிட்ட ஒரு எழுத்தை மாத்தினாலும் பாவம். எவன் வீட்டுல விளக்கு வீணா எரியுது, எவன் ரெண்டு வாளி அதிகமா ஊத்திக் குளிச்சான்னு ஊர் முழுக்க ஒட்டுக் கேட்டுக்கிட்டே திரியறான். தப்பு அவன் பேர்லயே இருந்தாலும் மூக்கு விடைக்கக் கத்தறான். இந்த மாதிரி ஒரு கொடுங்கோலனைப் பெரிய பெரிய எழுத்தாளர்களுக்கே எழுத வராது." மகளின் தலையை ஆசையாகத் தடவினார். "இந்த வயசுல உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தோணிச்சு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். "எனக்கு எங்கப்பா தோணிச்சு? அம்மா சொல்லச் சொல்ல நான் டைப் அடிச்சதோட சரி."

"மத்த எல்லாரையும் நானா யோசிச்சு எழுதினேங்க" என்றாள் மனைவி. "அதிபருக்கு மட்டும் யோசிக்க வேண்டி வரல, இருபது வருஷமா கூடவே குடும்பம் நடத்தறேன்ல."