செல்லம் எண்ணிய நாற்பது

பெரிய ஜவுளி நிறுவனம் ஒன்றின் காரைக்கால் கிளைக்குத் தணிக்கையாளர் சிவப்ரியா காலையிலேயே வந்துவிட்டாள். குடோனில் நாற்பது பட்டுச்சேலைகள் குறைவதாக மேலாளர் கலைவாணன் எழுதி வைத்திருந்தார்.

“இங்க வேலை பார்த்த செல்லம்தாங்க திருடிருச்சு. சுரக்குடிக்காரம்மா. வேலைய விட்டு நிறுத்துனோம், போன மாசம் செத்தும் போச்சு. திருட்டுன்னே எழுதிக்கங்க.”

“செத்தவங்கன்னா எதிர்த்துப் பேச மாட்டாங்கல்ல, ரொம்ப வசதிதான்! எண்ணாம நான் எழுத மாட்டேங்க.”

குடோனின் கடைசி அலமாரியில், குறைவதாகச் சொன்ன பட்டுச்சேலைகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. கலைவாணன் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தார்.

“நேத்து சாயங்காலம்கூட இது காலியாத்தாங்க கிடந்துச்சு.”

சேலைகளின் மேல், நாற்பது என்று எழுதிய எண்ணிக்கைச் சீட்டு இருந்தது. எண்ணியவரும், உடனிருந்து சரிபார்த்தவரும் அதில் கையெழுத்துப் போடுவது வழக்கம். எண்ணியவர் இடத்தில், இன்றைய தேதியோடு, செல்லம் என்றிருந்தது. சரிபார்த்தவர் இடம் காலியாக இருந்தது.

“யாரோ விளையாடுறாங்க. கிழிச்சுப் போடுங்க மேடம்.”

சிவப்ரியா இரண்டு முறை எண்ணினாள். சரியாக நாற்பது.

“அந்தம்மா ஒழுங்காத்தான் எண்ணியிருக்காங்க. உயிரோட இருக்கையில இதச் சொல்ல உங்களுக்கு வாய் வரலியே!”

ஒரு நொடி கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, காலியிடத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். சீட்டை எடுத்தபோது, செல்லத்தின் பெயரிலிருந்த ஈர மை அவள் விரலில் ஒட்டியது.