சிவப்புப் பொட்டு

"சிவப்புப் பொட்டு எங்கே?"

"மிஸ் வெர்லீன், நான் என்ன சொல்ல வர்றேன்னா..."

"பச்சை இருக்கு, மஞ்சள் இருக்கு. சிவப்பு எங்கேன்னு கேக்கறேன்!"

"தீர்ந்துபோச்சு. போன வாரம் தெற்குப் பேட்டைக் கூட்டத்துல எல்லாரும்..."

"எல்லாரும் அதையே எடுத்து ஒட்டிட்டாங்க. அதனால எனக்குக் கொண்டுவரலை. அப்படித்தானே?"

நகராட்சியிலிருந்து வந்திருந்த பிரெஸ்டன் மடியிலிருந்த அட்டையை நிமிர்த்திப் பிடித்தார். அதில் ஆல்டர் தெருவின் வருங்காலப் படம்: இரண்டு பக்கமும் மரங்கள், நடுவில் சைக்கிள் பாதை, ஒரு சைக்கிள் கூடையில் உட்கார்ந்து சிரிக்கும் நாய். திட்டம் பிடித்தால் பச்சைப் பொட்டு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், சந்தேகமென்றால் மஞ்சள், பிடிக்காவிட்டால் சிவப்பு.

நகராட்சி எந்த முடிவெடுத்தாலும் அது எந்த இனத்தாரை எப்படிப் பாதிக்கும் என்று மதிப்பிட்ட பிறகே ஓட்டுக்கு விட வேண்டும் என்று சட்டம். அதற்கு ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம். அதை நிரப்புவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர் பிரெஸ்டன். நகராட்சி மன்றத்தில் ஓட்டெடுப்பு அன்று மாலை ஆறு மணிக்கு, இப்போதே ஐந்தாகிவிட்டது.

"இந்தத் தெருவுல மிச்சமிருக்கிற ஒரே கறுப்புக் குடும்பம் நீங்கதான். உங்க குரல் இல்லாம படிவம் முடியாது, மிஸ் வெர்லீன்."

"குடும்பமா? நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டு பெட்டிவே ஆளுங்க ஏழு பேர், அதுதான் குடும்பம். மூலையில பூங்கா வந்துச்சு, வாடகை ஏறுச்சு, போயிட்டாங்க. அப்பவும் ஒருத்தர் பொட்டோட வந்தார். வண்டி நிறுத்தற இடத்தை எடுத்தீங்க, லானியோட சலூன் போச்சு. அப்பவும் பொட்டு. எங்க சர்ச்சுல இப்ப யோகா கத்துக்கொடுக்கறாங்க. அதுக்கும் ஒட்டினோம்."

"உங்க வலி எனக்குக் கேக்குது" என்றார் பிரெஸ்டன். பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி மூன்று விநாடி மௌனம் காத்தார்.

"கேக்குதில்ல? அப்ப எழுது."

"கட்டம் சின்னது. ரெண்டு வரிக்கு மேல கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

வெர்லீன் விருட்டென்று எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் காகித டம்ளரில் காபி. சண்டை போட்டாலும் வந்தவரை வெறும் வாயோடு அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"பீங்கான் கப் எதுவும் கைக்கு அகப்படலை. இதுல குடி."

"நல்லதாப் போச்சு, கழுவற தண்ணி மிச்சம்" என்று மெச்சினார் பிரெஸ்டன். "மரம் வந்தா உங்களுக்கும் நிழல்தானே?"

"மரம் வேணாம்னு யாருப்பா சொன்னது? நாங்க முப்பது வருஷமா மனுப் போட்டோம். வேர் குழாயை உடைச்சிடும்னு சொன்னீங்க. இப்ப மட்டும் வேரே இல்லாத மரமா கிடைச்சிருக்கு?"

பிரெஸ்டன் காபியை ஊதினார்.

"நான் நாப்பத்தோரு வருஷமா இந்த வாடகை வீட்டுல இருக்கேன், தம்பி. இங்கேயே கண்ணை மூடணும்னு ஆசை. 'பாதிப்பு உண்டு'ன்னு நீ ஒரே ஒரு வார்த்தை எழுதினா என்ன ஆகும்?"

"திட்டம் நின்னுடும். வாடகைக்கு இருக்கறவங்களுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செஞ்சுட்டுத்தான் தொடங்கணும். மூணு மாசம் இழுக்கும்."

"அதைத்தானே கேக்கறேன்!"

"அதுக்குள்ள மரம் நடற பருவம் போயிடுமே."

வெர்லீன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தத் திட்டம் பேப்பர்ல வந்து மூணு மாசமாச்சு. இந்த வீட்டு ஓனர் அன்னைக்கே படிச்சுட்டுக் கணக்குப் போட்டுட்டான். நீ இன்னைக்கு வர்றே."

பிரெஸ்டன் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசிக் கேள்விக்குத் தாவினார்.

"ஒண்ணாம் தேதி வேலை ஆரம்பம். அன்னையிலேர்ந்து இந்தத் திட்டத்தால வீட்டைக் காலி பண்ண வேண்டி வர்ற கறுப்பின மக்கள், இந்தத் தெருவுல எத்தனை பேர் இருப்பாங்க?"

கேட்டுவிட்டுப் பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டார். ஒன்று என்று அந்த அம்மாள் சொன்னால் போதும், மூன்று மாதம் போச்சு.

வெர்லீன் ஜன்னல் வழியே தெருவை ஒருமுறை பார்த்தார்.

"பூஜ்யம்னு போடு."

"நிஜமாவா?"

"பூஜ்யம். பெரிசாவே போடு. பேனாவைக் கொடு, கையெழுத்தும் போடறேன்."

பிரெஸ்டனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவரே ஒரு பச்சை ஸ்டிக்கரை உரித்து நாயின் தலைக்கு மேல் ஒட்டினார். மேலதிகாரிக்குப் போன் போட்டு, "அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க சார், பாதிப்பே இல்லை!" என்றார். நேரம் ஒதுக்கியதற்கு நன்றியாக நகராட்சி தரும் இலவசக் காபிச் சீட்டை வெர்லீனிடம் நீட்டினார். லானியின் சலூன் இருந்த இடத்தில் வந்திருக்கும் கடையின் சீட்டு அது.

வாசல் வரை போனவர், மனசு நிறைந்து திரும்பினார்.

"முதல் மரத்தை உங்க வாசல்லதான் நடச் சொல்லப்போறேன், மிஸ் வெர்லீன். ஒண்ணாம் தேதி நீங்கதான் தண்ணி ஊத்தணும். இருப்பீங்கதானே?"

"சாமான் ஏத்த நாளைக்குக் காலைல லாரி வருது, தம்பி."