வாசலுக்கு மேல் ஒரு கல்

கோலப்பன் கணக்கைக் கேட்கவில்லை. வெந்நீர்ப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தான்.

பிறகு, தொப்புள்கொடி அறுக்கும் கத்தரிக்கோலை எவ்வளவு நேரம் கொதிக்கவைப்பது வழக்கம் என்று கேட்டான். துணிகள் உலர்வது வெயிலிலா நிழலிலா என்றும் கேட்டான்.

செசிலி அம்மாள் ஒவ்வொன்றுக்கும் நின்றபடியே விடை சொன்னார்.

குளச்சல் கடற்கரையில் அவர் நடத்திவந்த பிரசவ விடுதிக்கு இரண்டே அறைகள், ஓலைக் கூரை. சென்ற மழைக்காலத்தில் அது ஒழுகிற்று. வருகிற வைகாசியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்குள் ஓடு போடாவிடில் விடுதியை மூடுவதன்றி வேறு வழியில்லை. கடற்கரைப் பெண்களுக்கோ போக வேறிடமும் இல்லை.

ஆகவே ஊரார் கோட்டாற்றுத் தர்மத்துக்கு எழுதிக் கேட்டிருந்தனர். நாடு விடுதலை பெற்ற ஆண்டில், வணிகர் பகவதியப்பன் பிள்ளை தம் சொத்தில் ஒரு பகுதியை ஒதுக்கித் தொடங்கிய குடும்பத் தர்மம் அது. ஆண்டுக்கு ஓரிடத்துக்கு மட்டுமே கொடுப்பார்கள். எந்த இடம் என்பதை, வீட்டார் ஒருவர் நேரிற் சென்று பார்த்த பின்னரே தீர்மானிப்பார்கள். பிள்ளையவர்கள் சென்ற ஐப்பசியில் காலமாகிவிட்டமையால், இவ்வாண்டு அப்பொறுப்பு பேரன் கோலப்பனுக்கு வந்திருந்தது.

அஞ்சுகிராமத்து வாசகசாலையையும் ஆரல்வாய்மொழிச் சத்திரத்தையும் அவன் முன்னரே பார்த்துவிட்டிருந்தான்.

உள்ளறை வாசலில், உதவிக்கு இருந்த வியாகுலம்மாள் கையை நீட்டி அவனை வழிமறித்தாள்.

“பேறு பாக்கப் பிள்ளைவாளே வந்தாச்சா? அப்ப நான் வீட்டுக்குப் போவட்டா?”

உள்ளே கட்டிலில் இருந்தவள் சிரித்தாள். கோலப்பன் காதுமடல் சிவக்கப் பின்வாங்கினான்.

செசிலி அம்மாள் அந்தக் காதுகளையே சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், நீங்க யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கியளா?”

இதே கேள்வியை மற்ற இரண்டு இடங்களிலும் அவன் கேட்டிருந்தான். ஒருவரையும் திருப்பியதில்லை என்றே இரு இடத்தாரும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லியிருந்தனர்.

வியாகுலம்மாள் அவனுக்குப் பின்னால் நின்று, இல்லையென்று சொல்லும்படி கண்ணால் சாடை காட்டினாள்.

“அனுப்பியிருக்கேன் தம்பி. போன ஆடியில கட்டிலெல்லாம் நனைஞ்சு கெடந்துது. மண்டைக்காட்டுல இருந்து வண்டியில வந்த ஒருத்தியத் திருப்பி விட்டேன். வண்டியிலயே பெத்தா. பிள்ளை இருக்கு. தாய் இல்ல.”

கோலப்பன் கூரையை அண்ணாந்து பார்த்தான். ஓலைகளுக்கிடையே வெயில் பொட்டுப் பொட்டாய்த் தெரிந்தது.

“ஓடு போட்டுத் தாறோம்,” என்றான். “ஒண்ணு மட்டும் கேக்கணும். தாத்தா வச்ச சட்டம். எங்க சொந்தக்காரங்க இருக்கப்பட்ட இடத்துக்குக் குடுக்கப்பிடாது. சொந்தத்துக்குக் குடுத்தா அது தர்மமில்ல, பாகம்னு சொல்லுவாரு. அப்படி யாரும் இங்க உண்டா?”

வந்த ஓடு நிலைப்பதும் திரும்பிப் போவதும் இனி அந்த ஒரு விடையில் இருந்தது.

செசிலி அம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பிற் செருகிக்கொண்டார்.

“எங்க ஆளுன்னு உங்க வீட்டார் சொல்லுத ஒருத்தரும் இங்க இல்ல தம்பி.”

அவன் முகம் தெளிந்தது.

“அப்ப வாசலுக்கு மேல ஒரு கல்லு மட்டும் வைக்கணும். எங்க அத்தை பேரு. நான் பொறக்கதுக்கு முன்னயே காய்ச்சல்ல போயிட்டாளாம். அவளை நெனச்சுத்தான் தாத்தா இந்தத் தர்மமே வச்சது. தான் சாகுத வரைக்கும் அதை வெளியில சொல்லப்பிடாதுன்னுட்டாரு. இந்த வருசந்தான் மொதல்ல கல்லுல போடுதோம்.”

“பேரு?”

“தாணம்மாள்.”

செசிலி அம்மாள் வாசலின் மேல்நிலையை அண்ணாந்து பார்த்தார்.

அந்தப் பெயரால் தம்மை எவரும் அழைத்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கொல்லத்து மடத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படிக்கவேண்டுமென்று, கோட்டாற்று வீட்டின் பின்வாசல் வழியே அவர் இறங்கிப் போனார். ஞானஸ்நானம் பெற்ற செய்தி வீட்டுக்கு எட்டிய அன்றே, தந்தையார் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதற்குக் கொள்ளி வைத்து, கருமாதியும் முடித்தார் என்று பிறர் வாயிலாகக் கேள்விப்பட்டிருந்தார்.

எரித்த பெயரைத் தந்தையார் எடுத்து வைத்திருந்தது இன்றுதான் தெரிந்தது.

அண்ணன் மகனை அவர் ஏறிட்டுப் பார்த்தார். உறவென்று அறியாமல், பானையைத் திறந்து பார்த்து, கேட்கவேண்டியதைக் கேட்டு, தக்க இடம் என்று கண்டபின் கொடுத்தவன். காது மட்டுமன்று, அந்தக் கண்டிப்பும் அவருடைய தந்தையாரது.

“நல்ல உயரத்துல வைங்க மக்கா,” என்றார். “கடப்புறத்துல இருந்து பாத்தாலும் எழுத்து தெரியணும்.”

கோலப்பன் வணங்கி விடைபெற்றான். அவனுடைய வண்டி மணல்மேட்டைக் கடந்ததும் வியாகுலம்மாள் அருகில் வந்து நின்றாள்.

“யாரு சிஸ்டரம்மா அந்தத் தாணம்மாள்?”

“நல்ல வீட்டுப் பொண்ணாக்கும்,” என்றார் செசிலி அம்மாள். “அப்பனுக்குச் செல்லம்.”