பிரவுன் அட்டைக்குள் ஒரு நாவல்

"கடைசி அத்தியாயம் இருக்குதுங்களே... படிச்சுப்போட்டு ரெண்டு நாளைக்கு எனக்குச் சோறே எறங்கலைங்க."

ஜவுளிக்கடை வெங்கடபதி இப்படிச் சொல்லிவிட்டுத் தேங்காய் பன்னை ஒரு கடி கடித்தார்.

கிருபாசங்கர், அவர் திருப்பிக் கொடுத்த புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை மறுபடி பார்த்தார். 'சிவப்புக் கூன்வண்டுக்குப் பொறி வைக்கும் முறை' என்று இருந்தது. கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியின் படம்.

குற்றம் கிருபாசங்கருடையதுதான். சிங்காநல்லூரில் மைதீன் பிச்சையின் தையல் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் இந்த வாசகர் வட்டத்தை ஆரம்பித்ததே அவர்தான். யார் என்ன படிக்கிறார்கள், அடுத்தவர் எதைப் படிக்கலாம் என்று பேசுவதற்கான வட்டம். சுற்றுக்கு விடும் எல்லாப் புத்தகத்துக்கும் அவரே பிரவுன் அட்டை போட்டு, மேலே தலைப்பை மட்டும் எழுதித் தருவார். "எழுதினது யாருன்னு பார்க்கக் கூடாது, எழுத்தைத்தான் பார்க்கோணும். அட்டையை யாரும் பிரிக்கக் கூடாதுங்க" என்பது அவர் போட்ட சட்டம்.

மூன்று மாதம் முன்பு 'எட்டாம் நம்பர் கிணறு' என்ற நாவலை அப்படித்தான் சிபாரிசு செய்தார். அதே சாயங்காலம், அன்னூரில் தோப்பு வைத்திருக்கும் மனைவியின் சின்னம்மாவுக்காகத் தென்னை வளர்ப்புக் கையேடு ஒன்றுக்கும் அட்டை போட்டார். தலைப்பு எழுதும்போது இரண்டும் மாறிவிட்டன. பம்ப்செட் கம்பெனியில், ஒரு சொட்டு ஒழுகினாலும் மோட்டாரைத் திருப்பி அனுப்புகிற தர ஆய்வாளரான அவரே பார்த்த வேலை இது.

அந்தத் தென்னைக் கையேடு மாதத்துக்கு ஒரு வீடாக மூன்று வீடு சுற்றி, இன்றுதான் திரும்பியிருக்கிறது. மூன்று வீட்டுக்கும் பிடித்துவிட்டது.

"மைதீன் பாய், நீங்க சொல்லுங்க."

"நடை இருக்குது பாருங்க சார்... தண்ணி மாதிரி ஓடுதுங்க."

சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மட்டும் நாற்பது பக்கம் இருந்தது. அந்த அளவில் பாய் சொன்னது சரிதான்.

"பிரவீனா, உங்களுக்கு?"

பிரவீனா பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். "அந்த கேரக்டர் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குதுங்க சார்."

"எந்த கேரக்டருங்க?"

"அதுதானுங்க... மெயின் கேரக்டர்."

"பேரு?"

"பேரெல்லாம் எதுக்குங்க சார்? நம்மூட்டு ஆளு மாதிரியே இருக்குது."

புத்தகத்தில் அதிகம் வரும் பெயர் காண்டாமிருக வண்டு.

கிருபாசங்கருக்குப் பொறுக்கவில்லை. "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க. படிக்கலைன்னா படிக்கலைன்னு சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ரெண்டாம் பாகம் எழுதறதா, இதோட விட்டுப்போடறதான்னு நாளன்னிக்குள்ள முடிவாகோணும். பதிப்பகத்துல வாசகர் கருத்துக் கேட்டிருக்காங்க. உண்மையா ஒரே ஒரு வார்த்தை போதுங்க!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற ஊர் இது.

"தாராளமா எழுதட்டுங்க," என்றார் வெங்கடபதி. "மொத பாகமே இப்படின்னா!"

வாளிப் படத்தை அவர் முன்னால் விரித்துக் காட்டிவிடலாமா என்று கிருபாசங்கர் ஒரு கணம் நினைத்தார். வெங்கடபதியின் வாயில் பாதி பன் இருந்தது. புரையேறிவிடும். புத்தகத்தை மூடிவிட்டார்.

மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு, கையேட்டை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அன்னூர் போனார். நாவல் அங்கேதான் இருக்க வேண்டும்.

சின்னம்மா தெய்வாத்தாள், தோப்பில் உதிர்ந்து கிடந்த குரும்பைகளைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை! நானே போன் பண்ணோணும்னு இருந்தேன். தென்னைக்கு புக்கு கேட்டா கதையைக் குடுத்துட்டுப் போயிட்டீங்க. இங்க குரும்பை பூராக் கொட்டிப்போச்சு."

"மாறிப்போச்சுங்க அத்தை." கையேட்டை நீட்டினார். "அந்தக் கதையை... படிச்சீங்களா?"

"படிக்காம? தண்ணி பாச்சீட்டே ரெண்டு தடவை படிச்சேன்."

கிருபாசங்கர் மட்டைக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். "எப்படிங்க இருந்துச்சு?"

"மொத அம்பது பக்கத்தை வெட்டிப்போடலாமுங்க. ஆளு யாரும் வரக் காணோம். வெயிலு, மேகம், மறுபடி வெயிலு. எனக்குத் தூக்கமே வந்துருச்சு. அப்பறம், வச்ச தென்னை மறுவருசமே காய்க்குதுன்னு எழுதியிருக்குது. அப்படி ஒரு மரத்தை எனக்கும் காட்டச் சொல்லுங்க, பாப்போம்."

"ரெண்டாம் பாகம் வேண்டாங்களா அப்ப?" குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நான் அப்படிச் சொன்னனா? அந்த ரங்கம்மா, புருசன்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்குப் பதினோரு வருசம் காத்துட்டு இருக்கறா. அந்த எடம் படிக்கறப்ப மோட்டாரை நிறுத்த மறந்துபோட்டேன், பாத்தியெல்லாம் உடைஞ்சு தண்ணி ரோட்டுக்குப் போயிருச்சு. அவ சொன்னாளா இல்லையான்னு தெரியாம நான் எப்படி இருக்கறது? கண்டிப்பா எழுதோணும்."

கிருபாசங்கர் கண்ணில் ஏதோ வண்டு விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டார். "சரிங்க அத்தை. எழுதினவரைப் பார்த்தா நீங்க சொன்னதை அப்படியே சொல்லிப்போடறேன்."

தெய்வாத்தாள் கயிற்றுக் கட்டிலிலிருந்து நாவலை எடுத்து நீட்டினார். பிரவுன் அட்டையைக் காணோம்.

"அதுதான் நேராவே சொல்லிப்போட்டனே, மாப்பிள்ளை. பின்னாடி இருக்கற உங்க போட்டோதான் நல்லால்லைங்க, அடுத்த பாகத்துக்காச்சும் அந்த மீசையை எடுத்துப்போடுங்க."