ஏழும் ஐந்தும்

பன்னிரண்டு வீடுகள். வாங்க வந்திருக்கும் என் சகலையிடம் இருக்கும் பணமும் வங்கிக் கடனும் சேர்ந்தால் ஏழு வீட்டுக்குத்தான் வரும். வீடுகளுக்குச் சொந்தக்காரரான பெரியவரோ பன்னிரண்டையும் ஒரே கையில்தான் கொடுப்பேன் என்கிறார்.

பத்திரம் எழுதும் என் மேசையைச் சுற்றி ஒரு மணி நேரமாக இதே இடத்தில் முட்டிக்கொண்டிருந்தோம்.

பெரியவருக்குப் பணம் பெரிதில்லை. முப்பது வருடம் வாடகைக்கு விட்டு அலுத்துவிட்டார். ஏழு வீட்டை மட்டும் விற்றால், மீதி ஐந்தில் குழாய் ஒழுகும்போது போன் அவருக்குத்தான் வரும். மகள் வீட்டோடு போய் நிம்மதியாக இருக்கப்போகிறவருக்கு அது ஒத்துவராது.

இன்றைக்கு முடியாவிட்டால் நாளை தரகர் வேறு ஆளைக் கூட்டி வருவார்.

முடியாமல் போகட்டும் என்றுதான் நான் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். ஒரு காலத்தில் என் ஸ்கூட்டரை இரவல் வாங்கி வேலைக்குப் போனவன். இருபத்தாறு வருடமாக அடுத்தவர் வீடுகளை எழுதி எழுதி எனக்கு விரல்தான் காய்த்திருக்கிறது.

“என்னண்ணே, வாயே திறக்க மாட்டேங்கிறீங்க? உங்களுக்கு எழுதத் தெரியும், எனக்கு வாங்கத் தெரியும். ரெண்டும் சேர்ந்தா முடியாதா?” என்று சிரித்தான்.

வயிறு எரிந்தது.

ஆனால் வழி தெரிந்தும் சொல்லாமல் இருப்பது, எனக்குத் தும்மலை அடக்குவது போல.

விற்பது ஒரே காரியமாகத்தான் தோன்றும். பிரித்துப் பார்த்தால் மூன்று: பெயர் மாறுவது, வாடகை வாங்குவது, பழுது பார்ப்பது. மூன்றும் ஒரே நாளில் கைமாற வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பேனாவைத் திறந்தேன்.

“ஏழு வீட்டுக்கு இன்னைக்கே கிரயம். மீதி அஞ்சை மூணு வருஷத்துக்குள்ள தம்பி வாங்கிக்கிறதா ஒப்பந்தம், இன்னைக்குப் பேசின விலைதான். அதுவரைக்கும் அந்த அஞ்சு வீட்டு வாடகை நேரா ஐயாவுக்குப் போயிரும். குழாய் ஒழுகினா போன் தம்பிக்கு வரும்.”

பெரியவர் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். சகலை என் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினான்.

இப்போதைக்குப் பெரியவர் பெயரிலேயே இருக்கப்போகும் ஐந்து எவை என்பதை என்னிடமே விட்டார்கள்.

முதலில் நான்காம் எண் வீட்டை எழுதினேன். பதினோரு வருடமாக நான் வாடகைக்குக் குடியிருக்கும் வீடு.