தையல்மேல் குற்றமில்லை

“கீழ விழுந்ததை மறைச்சுட்டு வாரண்டி கேட்டா கண்டுபிடிக்க மாட்டேன்னு நினைச்சீங்களாம்மா?” என்றபடி கடைக்காரர் ‘லென்ஸ்’ தன் மேசை விளக்கைப் போட்டார்.

மேசைமேல் ஒரு ரைடிங் ஜாக்கெட் குப்புறக் கிடந்தது. வலது தோள்பட்டைத் தையல் ஒரு சாண் நீளத்துக்கு வாயைப் பிளந்திருந்தது.

எதிரே நின்ற பெண் கோபப்படவில்லை. “தையல் விட்டிருக்கு. ஏன் விட்டுச்சுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்கண்ணே” என்றாள். ரத்தப் பரிசோதனைக் குப்பிகளை பைக்கில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிற வேலை அவளுக்கு. ஜாக்கெட் இல்லாமல் வண்டியைத் தொடக் கூடாது என்பது அவள் ஆபீஸ் சட்டம். நாலு நாளாக வீட்டில்தான் இருக்கிறாள்.

லென்ஸ் என்பது தெரு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்தது அவர் மனைவிக்காவது நினைவிருக்கிறதா என்பது சந்தேகம். ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட் விற்கும்போது, “கண்ணை மூடிட்டு வாங்குங்க, ரெண்டு வருஷம் வாரண்டி” என்பார். அதே சாமான் திரும்பி வந்தால் இழுப்பறையிலிருந்து பூதக்கண்ணாடி வெளியே வரும். பதினோரு வருஷத்தில் வாரண்டி என்று ஒரு பொத்தான்கூட அந்தக் கடைப்படி இறங்கியதில்லை.

கடையில் போர்டிலிருந்து பை வரை, பையிலிருந்து வேன் வரை எல்லாம் ஒரே பச்சை. அந்த வேனைத்தான் வாசலில் அவர் மச்சினன் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தான். குடித்த டம்ளரைக் கழுவி வைக்காத ஆள், நாலு நாளாக இதே வேலை. தம்பிக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று லென்ஸின் மனைவி சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லியாகிவிட்டது.

“இங்க பாருங்க. தையல் தானா விட்டா நூல் நூலா உருவிக்கிட்டு வரும். இது துணியோட பிஞ்சிருக்கு.” லென்ஸ் கண்ணாடியை இடது முழங்கைக்கு நகர்த்தினார். “இது தார் ரோட்டுல தேஞ்சது. விழுந்தீங்களா, இல்லையா?”

“நானா வழுக்கி விழுந்திருப்பேன்னு சொல்றீங்களா?”

“சேச்சே! வழுக்கி விழுந்தா அடி ஒரே பக்கம்தான். இங்க வலது தோள் கிழிஞ்சிருக்கு, இடது முழங்கை தேஞ்சிருக்கு. வலப்பக்கம் வந்த வண்டி ஒண்ணு பின்னாலேருந்து தோள்ல இடிச்சுத் தள்ளியிருக்கு. காரோட சைடு கண்ணாடி இவ்வளவு உயரத்துக்கு வராது. அதைவிடப் பெரிய வண்டி.” இன்னும் குனிந்தார். “அட, பெயிண்ட்டைக்கூட ஈஷிட்டுப் போயிருக்கான்!”

என்ன நிறம் என்பதில் அவருக்கு அக்கறையில்லை. ஆள் அகப்பட்டாள், அது போதும்.

“அப்போ என் மேல தப்பில்லையாண்ணே?”

“உங்க மேல என்னம்மா தப்பு? ஆனா ஜாக்கெட் மேலயும் தப்பில்ல பாருங்க.”

“எழுதித் தருவீங்களா?”

லென்ஸுக்கு முகமெல்லாம் பல். மற்றவர்கள் இந்த இடத்தில் மேசையைத் தட்டுவார்கள், சாபம் விடுவார்கள். எழுதிக் கேட்ட முதல் ஆள் இவள்தான்.

“எழுதாம எதையும் மறுக்க மாட்டேன். நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாதில்ல?” அச்சடித்த படிவத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தபடியே எழுதினார். “தையல்மேல் குற்றமில்லை. வலப்புறம் பின்னாலிருந்து வந்த பெரிய வாகனம் மோதியதால் கிழிந்தது. மோதிய வாகனத்தின் பெயிண்ட் தோள்பட்டையில் ஒட்டியுள்ளது.”

“பைக் ஓட்டின என் மேல தப்பில்லன்னு ஒரு வரி…”

கைக்காசு செலவில்லாத தர்மம். லென்ஸ் தாராளமாக இரண்டு வரியாகவே எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டு, முத்திரையையும் ஓங்கிக் குத்தினார்.

அவள் படிவத்தை வலது கையாலேயே மடித்துப் பையில் வைத்தாள். இடது கையை வந்ததிலிருந்து அசைக்கவே இல்லை. “ஸ்டேஷன்ல நானே விழுந்துட்டுக் கதை விடறேன்னு விரட்டிட்டாங்கண்ணே. இனிமே அப்படிச் சொல்ல முடியாது.”

“என் முத்திரையைப் பாத்தா வாயைத் திறக்க மாட்டாங்க!” லென்ஸுக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. “இடிச்சவன் நின்னு பாத்தானா?”

“நிக்கவே இல்ல.”

“விடாதீங்கம்மா! அந்த மாதிரி ஆளையெல்லாம் சும்மா விடக் கூடாது. என் சாட்சி வேணும்னாலும் கூப்பிடுங்க, வர்றேன்.”

வாரண்டியை மறுத்த மகிழ்ச்சியில் ஜாக்கெட்டை மடித்து, புதுப் பையிலேயே போட்டுக் கொடுத்தார். பையைக் கொடுக்கும்போது வழக்கமாகச் சொல்வதையும் விடவில்லை.

“இந்தப் பச்சையைப் பாத்தீங்களா? பெயிண்ட் கடைக்காரரை அரை நாள் உக்கார வெச்சுத் தனியா கலக்கச் சொன்னது. ஊர்ல வேற எவன்கிட்டயும் கிடையாது.”

அவள் ஜாக்கெட்டைப் பாதி உருவி, கிழிந்த தோளைப் பையின்மேல் பரப்பி வைத்தாள். தோளில் ஈஷியிருந்த நிறமும் பையின் நிறமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வாசலில் வேனைத் தேய்க்கும் சத்தம் நின்றது.

“தெரியும்ணே. அதான் நேரா இங்க வந்தேன்.”