நீலப் புள்ளி

"அந்த நீலப் புள்ளியில மட்டும் கை வெச்சே, நடக்கறதே வேற!"

பலகைக்கல் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த டாஃப்னி, இடத்தைவிட்டு அசையாமலே சீறினாள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து வந்த சுரங்கக் கம்பெனி அதிகாரி கிரெய்க், அதே கல்லின் மறுபாதியில் பழைய வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் மூலைகளில் கல் வைத்தான். சுற்றிலும் செம்மண்ணும் முள்புல்லும்தான். அது டாஃப்னியின் பூர்வகுடிக்குச் சொந்தமான நிலம். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு குழி தோண்ட முடியாது.

"நூறு வருஷத்து மேப், ஆன்ட்டி. ஓடைக்கோடு மலையடியில இந்த நீலப் புள்ளியில முடியுது பாருங்க. பக்கத்துல 'வற்றாத ஊற்று'ன்னு எழுதியிருக்கு. சுரங்கத்துக்குத் தண்ணி வேணும்."

"அந்த வெள்ளைக்கார சர்வேயர் எப்படி எழுதினான் தெரியுமா? எங்க பூட்டனைச் சங்கிலியில கட்டி, உப்புக்கறியைத் திங்க வெச்சு, ஒரு சொட்டுத் தண்ணி குடுக்காம வெயில்ல நடத்தினான். தாகத்துல அழுதுக்கிட்டே அவர் கைகாட்டின இடம்டா அது!"

கிரெய்க் தலைகுனிந்தான். கம்பெனிக்காரன் வெட்கம் எத்தனை நேரம் நிற்கும்?

"சரி, அந்த ஒரு புள்ளி எங்களுக்கு. மத்த மலையும் நிலமும் முழுக்க உங்களுக்கு. இனி எந்தக் காலத்துலயும் கம்பெனி கால் வைக்காது. எழுதியே தர்றேன்."

"முடியாது! என் உசிரே போனாலும் முடியாது!" மார்பில் அடித்துக்கொண்டாள் டாஃப்னி.

"விட்ருக்கா. இவங்களோட மோதி ஜெயிக்க முடியுமா?" என்று கெஞ்சினான் பக்கத்தில் நின்ற அவள் தம்பி கிளெம்.

கடைசியில் கிரெய்க்கின் ஏழு தலைமுறையையும் ஏசிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அவள் மனசு மாறுவதற்குள் அவன் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு ஓடினான். அவன் ஜீப் நீலப் புள்ளி இருக்கும் திசையில் விரைந்தது.

தூசி அடங்கியது. டாஃப்னி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அழுகை கொஞ்சம் ஓவர்க்கா" என்றான் கிளெம்.

"பூட்டனும் அழுதுதானே காட்டினாரு? பள்ளத்துல தேங்கின மழைத்தண்ணியைக் குடிச்சிட்டு, வற்றாத ஊற்றுன்னு எழுதிக்கிட்டுப் போனான் அந்த மடையன். பிடி, தூக்கு."

இருவருமாகப் பலகைக்கல்லை நகர்த்தினார்கள். அடியில் ஊற்றுத் தண்ணீர் விளிம்புவரை நின்றது.